அழுத்தக்காரியின் மாத்திரை

மனிதனின் வாயைப் போல அசிங்கம் பிடித்த இடம் உடம்பில் வேறெங்கும் கிடையாது. மற்ற இடங்களாவது துணிக்குள் அடக்கமாக இருக்கின்றன. வாய் மட்டும் முகத்தின் நட்டநடுவில் நின்று சிரிக்கிறது, பாடுகிறது, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

பல்லக்காவுக்குத் தெரியும். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வதுதான் அவள் வேலை. டாக்டரம்மா நோயாளியின் வாயில் பசை நிரப்பிய தட்டை வைத்து அளவெடுத்து அனுப்புவார். பசை ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் நோயாளியின் ஈறு அப்படியே வெள்ளையாக வந்து நிற்கும். அதன்மேல் மெழுகு, மெழுகின்மேல் பல், பிறகு வேகவைத்து, ராவி, பளபளவென்று மெருகேற்றுவது. இது புது செட்டின் கதை. பழைய செட் பழுதுபார்க்க வரும் பாருங்கள், அதுதான் கருமம். ஊரிலேயே மரியாதைப்பட்ட பெரிய மனிதரின் பல்செட்டாக இருக்கும். உட்புறம் மஞ்சளாகக் காரை பிடித்து, இடுக்கில் நேற்றைய சாப்பாடு ஒட்டிக்கொண்டு, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு வந்து மேஜையில் உட்காரும்.

பல வருடங்களாக அவள் இதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. "ஈறுன்னு இருந்தா அழுக்குன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பாள். வேலை செய்யும் இடத்தில் பல்லக்கா என்ற செல்லப்பெயர் அவள் கைத்திறனுக்காக வந்தது. அவள் அடுக்கிய பல்லைப் போட்டவர்கள் கண்ணாடி முன்னால் நின்று இளித்துக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அழுத்தக்காரி.

அந்தப் பெயரை வைத்தவர் மாமியார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அந்தக் கிழவிக்குப் பல்தான் போயிற்று. மேல்வரிசை முழுவதும் கழன்று, கீழே முன்னால் மட்டும் சில பற்கள் மிச்சம். ஆனால் சொல்லுக்குக் குறைச்சலே இல்லை. காலையில் கதவு திறக்கும் சத்தத்தில் ஆரம்பித்து விளக்கணைக்கும் வரைக்கும் சொல், சொல், சொல். மருமகள் பதில் பேச மாட்டாள். பேசாதவளை இந்த உலகம் சும்மா விடுமா? "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? உள்ளுக்குள்ளயே வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கா பாரு, அழுத்தக்காரி! ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று கிழவி காதுபடவே சொல்வார். மகன் இடித்த புளி போல உட்கார்ந்து டிவி பார்ப்பான்.

அந்த மகனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் நடுவழியில் சிக்கிக்கொண்ட ஆட்களை எல்லாம் ஓடிப்போய் வெளியே எடுப்பான். சொந்த வீட்டில் ஒருத்தி சிக்கிக்கொண்டிருப்பது மட்டும் அவன் கண்ணில் படவில்லை. அவள் எப்போதாவது எதையாவது சொல்ல வந்தால், "அம்மா குணம் தெரிஞ்சதுதானே. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயேன்" என்பான். அவளைக் கட்டிக்கொடுத்த அன்று அவளுடைய அம்மா சொல்லியனுப்பியதும் அதே வார்த்தைதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. ஒரு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கிற வார்த்தையா இது? தூ!

அவளும் கடித்தாள். பகலில் மட்டுமல்ல, தூக்கத்திலும் கடித்தாள். அது அவளுக்கே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் அந்த அருவருப்பு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. விடிவதற்கு முன்பே விழிப்பு வரும். யாரோ துரத்தியதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். துரத்துவது யார் என்று பார்த்தால் ஒருவருமில்லை. பிறகு தூக்கம் வராது. எழுந்து பல் தேய்க்கப் போனால் பிரஷ்ஷைப் பார்த்ததுமே குமட்டும். புருஷன் சாப்பிடும்போது வாயில் வரும் 'சப் சப்' சத்தம் அவள் முதுகுத்தண்டில் ஊரும். துவைத்து மடித்த துண்டில் கூட ஏதோ வாடை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் மூச்சு, கதவுக் கைப்பிடியின் பிசுபிசுப்பு, கழுவிய டம்ளரின் விளிம்பு, எல்லாமே எச்சில் பட்டதாகத் தோன்றும். கடைசியில் அந்த அருவருப்பு அவள்மீதே திரும்பியது. குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால், துடைத்துப் போட வேண்டிய அழுக்கு ஒன்று சேலை கட்டிக்கொண்டு நிற்பதாக இருந்தது. நான் இல்லாமல் போனால் இந்த வீடு கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்று ஒருநாள் நினைத்தாள். அழாமல், பதறாமல், ஏதோ குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று நினைப்பதுபோல நினைத்தாள். அதுதான் பயங்கரம்.

"மூஞ்சியைப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. எதைக் கண்டாலும் அவளுக்கு ஆகலை. திமிரு!" என்றார் மாமியார்.

வேலையில் ஒரு விபரீதம் நடந்தது. பழுதுபார்க்க வந்த இரண்டு பெரியவர்களின் பல்செட்டை அவள் டப்பா மாற்றிப் போட்டுவிட்டாள். அப்படி ஒரு தப்பை அவள் செய்ததே இல்லை. ஒருவர் மறுநாளே வந்து குதித்தார். "இது என் பல்லே இல்லைம்மா! கழண்டு கழண்டு விழுது, வேற எவனோ கடிச்ச வாடை வருது!" என்று வரவேற்பறையே அதிரக் கத்தினார். இன்னொருவருக்குப் போன் போட்டால், அவர் சாவகாசமாக, "ஆமா, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. ரிப்பேர் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். வேறொருவரின் பல்லைப் போட்டுக்கொண்டு மனிதர் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்! அந்த இடமே விழுந்து விழுந்து சிரித்தது. பல்லக்கா மட்டும் ஓடிப்போய்க் கழிப்பறையில் வாந்தியெடுத்தாள்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து, "வாயைத் திற" என்றார். இத்தனை வருடத்தில் அவள் வாயை யாரும் பார்த்ததில்லை. விளக்கை இழுத்து வைத்துப் பார்த்த டாக்டரம்மா, அவளுக்கும் கண்ணாடியில் காட்டினார்.

"என்னடி இது? கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ஞ்சு தட்டையா கிடக்கு. ஒண்ணு விரிசலே விட்டிருக்கு. ராத்திரியெல்லாம் கல்லா அரைக்கிறே?"

"தெரியலைம்மா."

"தூங்கறியா?"

"இல்லைம்மா."

"இதுக்கு நான் உறை மாட்டிவிடுவேன். ஆனா கடிக்கிறது பல்லு இல்லை, உள்ள இருக்கிற மனசு. அதுக்கு வேற டாக்டர் இருக்கார். நாளைக்கே போறே. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் டாக்டரம்மா.

புருஷன் வந்தான். வேலை கெட்டதே என்ற எரிச்சலோடு வந்தான். அந்த மனநல டாக்டர் இளவயதுக்காரர், அவசரப்படாதவர். முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியில்லாமல் போனாலும் இப்படி வரும், அதை முதலில் பார்த்துவிடுவோம் என்றார். அதில் கோளாறில்லை என்று தெரிந்தபிறகு நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். இல்லாமல் போனால் நல்லது என்ற அந்த நினைப்பைப் பற்றியும் நேராகவே கேட்டார். அவள் தலையாட்டினாள். புருஷன் அப்போதுதான் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க லிப்ட் வேலைதானே?" என்று டாக்டர் அவனைக் கேட்டார். "லிப்ட்ல அபாய மணி இருக்கும் இல்லையா? ஆபத்துன்னா பொத்தானை அழுத்துவாங்க. மணி அடிக்கும். கையை எடுத்தா நிக்கணும். நம்ம மூளையிலயும் அப்படி ஒரு பொத்தான் இருக்கு. பயமோ கவலையோ வந்தா மூளை உத்தரவு போடும், சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். நெஞ்சு அடிச்சுக்கும், உடம்பு முறுக்கிக்கும். ஓடித் தப்பிக்கறதுக்கு அது வேணும். ஆபத்து போனதும் அந்த ஹார்மோனே மூளைக்குப் போய், போதும் நிறுத்துன்னு சொல்லணும். தினம் தினம், வருஷக்கணக்கா பொத்தானை அழுத்திக்கிட்டே இருந்தா?"

"சிக்கிக்கும். ஸ்ப்ரிங் போயிடும்" என்றான் லிப்ட் மெக்கானிக்.

"அதேதான். மணி நிக்காம அடிச்சா தூக்கம் கெடும், பசி கெடும், மனசுக்குத் தெம்பு குடுக்கிற மத்த ரசாயனங்களும் நிலைகுலையும். எதுவும் பிடிக்காது. தன்னையே பிடிக்காது. எல்லாருக்கும் இது ஒரே மாதிரி நடக்காது, முழுக்கதையும் எங்களுக்குத் தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா இவங்களுக்கு இருக்கிறது மன அழுத்தம். வியாதி. சரியாகும். இந்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் பிடிக்கும். நடுவுல திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க. வாரம் ஒருதடவை வந்து பேசுங்க. வீட்டுல பொத்தானை அழுத்தறவங்க கொஞ்சம் கையை எடுங்க."

அருமையான விளக்கம். எந்த மடையனுக்கும் புரியும். ஆனால் அது வீடு போய்ச் சேர்ந்த அழகைக் கேளுங்கள்.

"டாக்டர் என்னடா சொன்னார்?" என்றார் கிழவி.

"அவளுக்கு அழுத்தமாம்மா."

கிழவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "நான் என்ன சொன்னேன்? கல்யாணமாகி வந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? இதைச் சொல்ல ஒரு டாக்டர், அதுக்கு ஒரு பீஸ்! அழுத்தக்காரின்னு நான் காசில்லாமலே சொல்லியிருப்பேனே!"

"அது இல்லம்மா, மன அழுத்தம்..."

"மன அழுத்தமோ நெஞ்சழுத்தமோ, எல்லாம் ஒண்ணுதான். ரத்தத்தையும் பார்த்தாங்களாமே, கொழுப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கா? அதையும் கேட்டுக்கிட்டு வர வேண்டியதுதானே!"

"யாரோ பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்காங்களாம். கையை எடுக்கணுமாம்" என்றான் மகன், பாதி புரிந்த பயத்தோடு.

"யாரு அழுத்தறது? நானா? வந்து ஒரு மணி நேரத்துல என்மேல பழி போட்டுட்டாளா? ஐயோ, பார்த்தியா அழுத்தத்தை!"

போன் பறந்தது. நாத்தனாருக்குத் தெரிந்தது, நாத்தனார் வீட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது. மருமகளுக்கு அழுத்தம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கதை நடந்தது. ஒரு மொழியில் வியாதிக்கும் வசவுக்கும் ஒரே வார்த்தையை வைத்துவிட்டால், வைத்தியம் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இருந்தும் பல்லக்கா மாத்திரையை விடவில்லை. முதல் வாரங்களில் வாய் வறண்டது, வயிறு புரட்டியது. எதுவும் மாறவில்லை. பிறகொரு காலை கண்விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. நெஞ்சு அதன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, யாரும் துரத்தவில்லை. பல் தேய்த்தாள், குமட்டவில்லை. அன்று வேலையில் ஒரு நாற்றம் பிடித்த பல்செட் வந்தது. மூக்கைச் சுளித்து, "சீ, இந்த மனுஷன் இதைக் கழுவவே மாட்டாரா?" என்று வாய்விட்டுத் திட்டினாள். நாற்றம் அந்தப் பல்செட்டில்தான் இருந்தது, உலகம் முழுக்க இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படி இருக்கையில்தான் மாத்திரை அட்டைகள் காணாமல் போயின. அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தவை. தேடினாள், கேட்டாள். கிழவி கூரையைப் பார்த்துக்கொண்டு, "பைத்தியக்கார மாத்திரையெல்லாம் குடும்பம் நடத்தற வீட்டுல எதுக்கு? கழிப்பறைல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். ரெண்டு நாள் வாயைத் திறந்து எல்லாரோடயும் கலகலன்னு பேசு, எல்லாம் போயிடும்" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இப்ப நல்லாத்தானே இருக்கே. அம்மாவும் பயந்துட்டாங்க, சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரேன்."

அவள் துணிகளை மறுபடி அடுக்கி அலமாரியை மூடினாள். மருந்துக்கடைக்கும் போகவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. போனால் மறுபடி கேள்வி, மறுபடி போன், மறுபடி நாத்தனார். அந்த அலுப்புக்கு மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இரண்டு மூன்று நாளில் உடம்பு கணக்குக் கேட்டது. தலையைத் திருப்பினால் உள்ளே பளீர் பளீரென்று மின்சாரம் அடித்தது. நின்றால் தரை சாய்ந்தது. சும்மா இருக்கும்போதே எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வந்தன. அதற்குப் பின்னாலேயே அந்தப் பழைய நினைப்பும் வாசலில் வந்து நின்றது. நான் இல்லாமல் போனால் சுத்தமாக இருக்கும். இந்த முறை அவளுக்குப் பயமாக இருந்தது. நினைப்பு எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

அந்த வாரத்தில்தான் கிழவி பல் கட்ட வந்தார். மருமகள் வேலை செய்கிற இடம், கவனித்துச் செய்வார்கள், கூலியும் குறையும். அதற்கு மட்டும் அழுத்தக்காரி வேண்டும்.

டாக்டரம்மா கிழவியை நாற்காலியில் சாய்த்து, கீழ்த்தாடைக்குப் பசைத் தட்டை வைத்தார். அந்த நேரம் பார்த்து முன்னறையில் ஒரு குழந்தை விழுந்து வாயெல்லாம் ரத்தமாக வந்து சேர்ந்தது. டாக்டரம்மா பின்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பல்லக்கா, இங்க வா! இந்தத் தட்டைப் பிடி. ஆட விடாதே, நல்லா அழுத்திப் பிடி. பாட்டி, அசையக்கூடாது, பேசவே கூடாது."

அவர் ஓடிவிட்டார். அறையில் இருவர் மட்டும். மருமகளின் இரண்டு விரல்கள் மாமியாரின் வாய்க்குள் இருந்தன, கட்டைவிரல் தாடைக்குக் கீழே. எச்சில் ஒழுகி அவள் மணிக்கட்டு வரை வந்தது. விடவில்லை, அழுத்திப் பிடித்தாள். கிழவியின் கண்கள் மட்டும் அங்குமிங்கும் உருண்டன. பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அந்த வாய் சும்மா இருந்ததில்லை.

"அத்தை, பேசாதீங்க. பேசினா அளவு கெட்டுடும்" என்றாள் பல்லக்கா. "வாயைத் திறந்து பேசுன்னு சொன்னீங்கல்ல? பேசறேன். நீங்க தண்ணி ஊத்தி விட்டது என் உசிரை. அந்த மாத்திரை இல்லாம எனக்குத் தலைக்குள்ள கரண்ட் அடிக்குது. காலைல கண்ணு முழிச்சா, செத்துட்டா தேவலைன்னு தோணுது. திமிர்ல சொல்லலை அத்தை, பயத்துல சொல்றேன். உங்க எச்சிலு என் கைல ஒழுகுது, எனக்குக் குமட்டுது, ஆனாலும் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். இவ்வளவு வருஷமா இப்படித்தான் நிக்கறேன். இனிமே முடியாது. இன்னைக்குச் சாயந்திரம் நான் டாக்டர்கிட்ட போறேன். மாத்திரை வாங்கி சாப்பாட்டு மேஜை மேல வெப்பேன். யாராவது தொட்டீங்க, அப்புறம் நான் அந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

பசை இறுகியது. பல்லக்கா தட்டைச் சுழற்றிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேலைக்காரக் கை, பார்க்காமல் இருக்காது. கீழ்ப்பற்கள் பதிந்த குழிகளில் ஆழமே இல்லை. சீவிவிட்டதுபோல் அத்தனையும் தட்டை. இப்படிப்பட்ட தட்டைப் பற்களை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், டாக்டரம்மா கண்ணாடியில் காட்டியபோது, தன் வாயிலேயே.

"நீங்களும் ராத்திரில பல்லைக் கடிப்பீங்களா அத்தை?"

கிழவி கிண்ணத்தில் துப்பினார். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். இத்தனை நேரம் அடைத்து வைத்த வாயிலிருந்து சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது என்னவோ தணிந்த குரல்தான்.

"எல்லாரும்தான் கடிச்சோம். உன் மாமனாரோட நான் பட்ட பாட்டுக்குக் கடிச்ச கடியில மேல்வரிசையே போச்சு. எனக்கு எவன் மாத்திரை குடுத்தான்?" பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உனக்கு மட்டும் எதுக்காம்?" என்றார்.

ஆக, விஷயம் இதுதான். பயமுமில்லை, மானமுமில்லை. தான் பட்டதை இன்னொருத்தி படாமல் தப்பித்துவிடுவாளோ என்ற வயிற்றெரிச்சல். பல்லக்காவுக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்வானேன்? அருவருப்புதான் வந்தது, அதுவும் கிழவிமேல் மட்டுமில்லை. கடி, கடி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தவர்கள் அத்தனை பேர்மீதும் வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ அது போகவில்லை.

"நீங்களும் அந்த டாக்டரைப் பார்க்கலாம் அத்தை. கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"சீ! எனக்கென்ன பைத்தியமா?"

அன்று சாயங்காலம் அவள் தனியாகவே போனாள். நிறுத்தியதற்கு டாக்டரிடம் திட்டு வாங்கினாள், யார் நிறுத்தினார்கள் என்பதையும் சொன்னாள். மாத்திரையோடு வீடு திரும்பி, சாப்பாட்டு மேஜையின் நடுவில், எல்லாரும் பார்க்க, அட்டையை வைத்தாள். புருஷன் அட்டையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். சப் சப் என்ற சத்தம் மட்டும் அன்று வரவில்லை. பயத்தில் வாயை மூடி மென்றிருப்பான்.

கிழவியின் கை மேஜைமேல் நகர்ந்தது. பல்லக்கா எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் கை அட்டையைத் தாண்டிப் போய், பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளியது.

"போட்டுத் தொலை" என்றார் கிழவி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பல்லக்கா டம்ளரை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் கிழவியின் விரல் பட்ட பிசுக்கு இருந்தது. போய்த் தண்ணீரைக் கொட்டி, டம்ளரைத் தேய்த்துக் கழுவி, வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பார்த்தியாடா அழுத்தத்தை!" என்றார் கிழவி மகனிடம்.

"ஆமா அத்தை" என்றாள் பல்லக்கா, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு. "அதுக்குத்தானே மாத்திரை."